அந்த மேசையை மடக்கி வையுங்கள்

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் பனங்காட்டுக்கு நடுவில் ஒரு சிற்றூர். கணவர் துறைமுகப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை. விடியுமுன் போனால் இருட்டித்தான் வருவார். மகனுக்கு ஆறரை வயது, மகளுக்கு நான்கு. யூகேஜி வரை சிரித்துக்கொண்டு போன பையன், ஒன்றாம் வகுப்பில் இரண்டாம் மாதத்திலிருந்து காலையானால் வயிற்றுவலி, வாந்தி, அழுகை. அரையாண்டோடு நிறுத்திவிட்டேன். நாங்கள் சி.எஸ்.ஐ. சபைக் குடும்பம். வசனத்தில் ஊன்றிப் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கலாம் என்று பெங்களூரில் இருக்கும் தோழி சொன்னாள். அவள் காட்டிய அமெரிக்கப் பாடத்திட்டத்தை 18,000 ரூபாய்க்கு வாங்கி, ஹாலில் மேசை போட்டு, காலை 9 முதல் 1 மணி வரை பீரியடு பிரித்து நடத்துகிறேன். மூன்று மாதம் ஆகிறது. வயிற்றுவலி நின்றது, ஆனால் மேசையைக் கண்டால் கட்டிலுக்கடியில் ஒளிகிறான். அடங்காத நாட்களில், பெற்றோருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் வசனத்தை 20 தடவை எழுதவைக்கிறேன். கையால் செய்து கற்பது என்கிறார்களே, எங்கே தொடங்குவது? தட்டில் மணல் பரப்பி எழுதவைத்தேன். அது இந்து முறை, வேண்டாம் என்று சபையில் ஓர் அக்கா சொன்னார்கள். மாமியார், 'பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவனுக்கு நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?' என்கிறார்கள். போலீஸ் கேஸ் ஆகும் என்கிறது பக்கத்து வீடு. மாமனார் போன ஆடியில் படுத்து, ஆவணியில் இறந்தார்கள். 'நாம எல்லாரும் ஜெபம் பண்ணுனோமே, தாத்தா ஏன் பிழைக்கல?' என்று பையன் கேட்டான். பதில் தெரியாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டேன். நான் செய்வது சரியா?

– ஒரு தாய்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை முதல் தடவை வாசித்தபோது மேசை, பாடத்திட்டம், மாமியார் என்றுதான் மனம் போனது. இரண்டாம் தடவைதான் இரண்டு தேதிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தேன். பள்ளி திறந்தது ஜூனில். இரண்டாம் மாதம் வயிற்றுவலி என்றால் அது ஜூலைக் கடைசி, அதாவது ஆடி. உங்கள் மாமனார் படுத்ததும் ஆடி. நீங்கள் ஒன்றைக் கடிதத்தின் தொடக்கத்திலும் மற்றதை முடிவிலும் எழுதியிருக்கிறீர்கள். பையன் இரண்டையும் ஒரே காலையில் அனுபவித்திருக்கிறான்.

தாத்தா கட்டிலில் கிடக்கிறார். ஆட்கள் வந்து வந்து போகிறார்கள், தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள். 'நீ பள்ளிக்கூடத்துக்குப் போய்ட்டு வா' என்று வேனில் ஏற்றுகிறார்கள். திரும்பி வரும்போது யார் இருப்பார், யார் இருக்கமாட்டார் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னது? அவன் பயந்தது பள்ளிக்கூடத்துக்குத்தானா, வீட்டை விட்டுப் போவதற்கா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்கல்வி என்ற பெரிய முடிவை எடுப்பதற்கு முன்னால் இதைக் கேட்டிருக்க வேண்டும். இப்போதும் நேரம் போய்விடவில்லை.

பள்ளியிலும் ஏதாவது நடந்திருக்கலாம். அதையும் பார்த்துவிடுங்கள். 'யாராவது அடிச்சாங்களா?' என்று நேராகக் கேட்டால் ஆறரை வயதுப் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்லும். தங்கையையும் நாலு பொம்மைகளையும் உட்காரவைத்து அவனை டீச்சராக இருக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு, பார்க்காத மாதிரி பாருங்கள். அவன் டீச்சர் எப்படிக் கூப்பிடுகிறார், யாரை எங்கே நிற்கவைக்கிறார், பிரம்பு வருகிறதா, ஒண்ணுக்குப் போகக் கேட்ட பொம்மைக்கு என்ன பதில் கிடைக்கிறது என்று எல்லாம் வெளியே வந்துவிடும். அடியோ, தொடக்கூடாத தொடுதலோ தெரிந்தால் அது வீட்டோடு பேசி முடிக்கிற விஷயம் இல்லை, குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். அதோடு ஒரு கண் பரிசோதனை. கரும்பலகை தெரியாத பிள்ளை 'தெரியல' என்று சொல்வதில்லை, 'வயிறு வலிக்குது' என்றுதான் சொல்லும். பிள்ளைகளோடு பழகிய என் 22 வருட அனுபவத்தில் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுத பிள்ளைகளில் சிலருக்குத் தேவைப்பட்டது ஒரு கண்ணாடி மட்டும்தான்.

போலீஸ் பயத்தை முதலில் முடித்துவிடலாம். கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ல் வந்து, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு இன்ன தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எழுதவில்லை. வீட்டுக்கல்வியை அங்கீகரித்தும் அது எதுவும் சொல்லவில்லை. ஆக நீங்கள் நிற்பது வரப்பு மேல். உங்களை யாரும் பிடித்துக்கொண்டு போகப்போவதில்லை. ஆனால் 'என் உரிமை' என்று மார்தட்டுவதற்கும் இடமில்லை. ஒன்றே ஒன்று: சபையில் நாலு பிள்ளைகள் சேர்ந்து வந்தால் நன்றாக இருக்குமே என்று பீஸ் வாங்கிக்கொண்டு நடத்தத் தொடங்கிவிடாதீர்கள். அப்போது அது அங்கீகாரம் இல்லாத பள்ளி. அதற்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அதே சட்டத்தில் இருக்கிறது.

பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஆசிரியப் பயிற்றுநர்கள் உங்கள் வீட்டுக்கு வரலாம். கதவைச் சாத்தாதீர்கள். மோர் கொடுத்து உட்காரவையுங்கள், பையன் செய்வதைக் காட்டுங்கள். அவர்கள் எதிரிகள் இல்லை. பள்ளி வயது வந்தும் பள்ளி வாசலைப் பார்க்காமல் செங்கல் சூளையில் நிற்கும் பிள்ளைகளைத் தேடித்தான் அவர்கள் வெயிலில் அலைகிறார்கள். பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழையும், பையனுடைய எமிஸ் எண்ணையும் (கல்வித்துறைப் பதிவில் அவனுக்குள்ள அடையாள எண்) வாங்கிப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கே திரும்பச் சேர்க்க வேண்டியிருந்தாலும் அவன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் சட்டம். மாற்றுச் சான்றிதழ் தாமதமானால்கூட அதைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. பெண் கொடுக்க எவனும் வரமாட்டான் என்று கவலைப்படும் அத்தையிடம் இதைச் சொல்லுங்கள்: எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத பன்னிரண்டரை வயது போதும், தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு 14 நிறைந்தால் போதும். கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

இனி மேசை.

ஒரு கதை சொல்கிறேன். என் மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது கோடை விடுமுறையில் நானும் உங்களைப் போல்தான் செய்தேன். பயிற்சி முடித்த புதிது. கைநிறைய கருவிகள், மண்டை நிறைய தத்துவம். ஜன்னலோரம் பாய் விரித்து, மணி அடித்து, குரலை மாற்றி வகுப்பு நடத்தினேன். நாலாவது நாள், மணிச்சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: 'டீச்சர் போனதுக்கப்புறம் அம்மா வருவாங்களா?' நான் அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அன்றோடு அந்தப் பாயைச் சுருட்டினேன். உங்களையும் அந்த மேசையை மடக்கி வைக்கச் சொல்கிறேன். பையனுக்குப் பள்ளி ஆகவில்லை என்று வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். பிறகு பள்ளியையே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டீர்கள். அங்கேயாவது மாலை 4 மணிக்கு விட்டுவிடுவார்கள், வீட்டுக்கு வந்தால் அம்மா இருப்பாள். இப்போது பள்ளியும் விடுவதில்லை, அம்மாவும் இல்லை. அவன் கட்டிலுக்கடியில் ஒளியாமல் என்ன செய்வான்?

உங்கள் வீட்டில் பள்ளி நடத்த வேண்டியதில்லை. வீடு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. சமையல் நடக்கிறது, கணக்கு நடக்கிறது, ஜெபம் நடக்கிறது. அதில் பிள்ளையின் கைக்கு இடம் கொடுத்தால் போதும். ஒரு காரியத்தை மட்டும் கிட்டப்போய்க் காட்டுகிறேன். மற்றதை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

பிடியரிசி. உங்கள் பக்கத்துப் பல வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கென்று தனியாகப் போடுவார்கள். உங்கள் அத்தை கட்டாயம் செய்திருப்பார்கள். உங்கள் காலத்தில் விட்டுப்போயிருக்கும். இன்று இரவிலிருந்து அந்த வேலையைப் பையனிடம் கொடுங்கள். பிடி அவனுடையது, பானையும் அவன் பொறுப்பு. வாரக்கடைசியில் பானையைப் பாயில் கவிழ்த்து அளக்கச் சொல்லுங்கள். அத்தையிடம் பழைய உழக்கும் நாழியும் பரணில் இருக்கும், கேட்டுப்பாருங்கள். ஆழாக்கு இரண்டு ஓர் உழக்கு, உழக்கு இரண்டு ஓர் உரி, உரி இரண்டு ஒரு நாழி. அரை, கால், அரைக்கால் என்று எந்தப் பணித்தாளும் சொல்லித்தர முடியாததை, உழக்கின் விளிம்பைக் கையால் வழித்துத் தள்ளும்போது அவன் உள்ளங்கை தெரிந்துகொள்ளும். சிந்தும். சிந்தட்டும். பொறுக்குவதும் பாடம்தான், நாலு வயதுத் தங்கைக்கு அதைவிட நல்ல விரல் பயிற்சி கிடையாது.

பிறகு இதைக் கேளுங்கள்: உன் பிடியில் எத்தனை போட்டால் உழக்கு நிறையும்? அம்மா பிடியில் எத்தனை? அப்பா ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும்போது அவர் பிடியில்? மூன்றும் வேறு வேறு எண்ணாக வரும். ஏன் என்று அவனே யோசிப்பான். உலகத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஓர் அளவு ஏன் வேண்டியிருந்தது என்பது அங்கே, அந்தப் பாயில், அவனுக்குப் புரியும். மூன்று எண்களையும் சுவரில் கரியால் எழுதிவைக்கட்டும். எழுத்துப் பயிற்சியும் ஆயிற்று. ஞாயிறன்று அந்த அரிசியை அவனே தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வரட்டும். கணக்கு பீரியடு எங்கே முடிந்தது, வேதபாட பீரியடு எங்கே தொடங்கியது என்று உங்களால் சொல்ல முடியாது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது மாவு. பரலோக ராஜ்யத்தைப் புளித்த மாவுக்கு ஒப்பிடும் உவமை உங்களுக்குத் தெரியும். உங்கள் தமிழ் வேதாகமத்தில் அந்த ஸ்திரீ 'மூன்றுபடி மாவில்' அதை அடக்கிவைத்தாள் என்றுதான் இருக்கிறது. படி என்றால் என்னவென்று தெரிந்த பிள்ளைக்கு அந்த வசனம் திடீரென்று பெரிதாகிவிடும்: மூன்று படியா! எத்தனை பேருக்கு தோசை சுடலாம்! இரவு மாவைக் கரைத்து வைத்ததும் பாத்திரத்தின் வெளிப்பக்கம் மாவு நிற்கும் உயரத்தில் ஒரு நூல் கட்டச் சொல்லுங்கள். காலையில் அவன் பல் தேய்க்குமுன் ஓடிப்போய்ப் பார்ப்பான். நூலுக்கு மேலே எத்தனை விரல் ஏறியிருக்கிறது? மார்கழியில் எத்தனை, பங்குனியில் எத்தனை? உவமைக்கு விளக்கம் சொல்லாதீர்கள். அவனாக ஒரு நாள் சொல்வான்.

கையால் கற்பது அமெரிக்காவிலிருந்து வந்த புதுமை என்று நினைத்து 18,000 ரூபாய் கொடுத்துவிட்டீர்கள். அந்தத் தாள்களில் பனிமனிதன் இருப்பான், இலையுதிர்காலம் இருக்கும், பென்னி, நிக்கல் என்று அமெரிக்கக் காசுகளை எண்ணச் சொல்லியிருப்பார்கள். தூத்துக்குடிப் பையன் நிக்கலை வைத்துக்கொண்டு எந்தக் கடையில் முறுக்கு வாங்குவான்? அவனுக்குத் தெரிந்த பருவம் ஆடிக்காற்று, ஐப்பசி மழை, பதநீர்க் காலம். படங்களை வெட்டி ஒட்ட அந்தத் தாள்களை வைத்துக்கொள்ளுங்கள், பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் வரையலாம். போன பணத்தை ஈடுகட்ட வேண்டுமே என்று பிள்ளையை அதில் பிடித்து வைக்காதீர்கள்.

மணலில் எழுதுவது இந்து முறை என்று சொன்ன அந்த அக்காவிடம், கோபப்படாமல், ஒரு செய்தி சொல்லுங்கள். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கப்பலிலிருந்து இறங்கினாரே ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க், அவருக்கு அப்போது ஏறக்குறைய 24 வயது. தமிழில் ஓர் எழுத்து தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரையும் பிள்ளைகளையும் வரவழைத்து, அந்தப் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் அவர் அரிச்சுவடி கற்றார். பிற்பாடு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட கை, முதலில் மணலில் கோணலாக எழுதிய கை. அதற்கு எண்பத்துச் சொச்சம் வருடம் கழித்து, எழும்பூரில் அனாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம்மூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லித்தரும் முறையையும் சேர்த்துக்கொண்டார். 1797-ல் அதை லண்டனில் அச்சிட்டார். இங்கிலாந்தில் அதற்குப் பேரே மெட்ராஸ் முறை. (அங்கே அதை ஒரு வாத்தியாருக்கு நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் என்று ஆலை மாதிரி ஆக்கினார்கள் என்பது வேறு கதை. நல்ல காரியத்தை எல்லாம் பீரியடு பிரித்துக் கெடுப்பது உங்களோடு தொடங்கியதில்லை.)

ஆகவே மணலைத் திரும்ப எடுங்கள். உங்கள் பக்கத்துத் தேரி மணலைச் சலித்துக் காயவைத்தால் அதைவிட நல்ல பலகை கிடையாது. தாம்பாளத்தில் ஒரு விரல்கடை கனத்துக்குப் பரப்புங்கள். 247 எழுத்தையும் வரிசையாகத் திணிக்க வேண்டாம். ட-வில் தொடங்குங்கள்: ஒரு கோடு கீழே, ஒரு கோடு வலப்பக்கம். அது அப்படியே மேலே ஏறினால் ப. பிறகு ம. இந்த மூன்றும் ஒரு புள்ளியும் இருந்தால் படம், மடம், பட்டம், மட்டம். பட்டம் என்று எழுதத் தெரிந்த அன்று ஈர்க்கும் பழைய நாளிதழும் எடுத்து ஒரு பட்டம் ஒட்டிவிடுங்கள். பையன் யூகேஜி முடித்தவன். அவனுக்கு இந்த எழுத்துகள் தெரிந்திருக்கும். அதனால்தான் சொல்கிறேன், தங்கைக்கு அவன் சொல்லித்தரட்டும். மூன்று மாதமாக எல்லாவற்றிலும் தப்புச் செய்கிறவனாகவே இருந்திருக்கிறான். ஒரு காரியத்திலாவது தெரிந்தவனாக இருக்கட்டும்.

உட்கார்ந்து எழுதுவதும் வாசிப்பதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆறரை வயதுக்கு ஒரு நாளில் மொத்தம் ஒரு மணி நேரம் போதும், அதையும் இருபது இருபது நிமிடமாக உடைத்து. மீதி நேரம் சும்மா திரிவானே என்று பயப்படாதீர்கள். திரியட்டும்.

விசுவாசத்துக்கு வருகிறேன். நான் உங்கள் சபைக்கு வெளியாள். நெற்றியில் திருநீறு பூசுகிற வீடு எங்களுடையது. தாமிரபரணிப் படித்துறையில் தாத்தா குளிக்கும்போது பாடிய தேவாரத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குப் பாடமாயிற்று. யாரும் நோட்டுப்போட்டு எழுதவைக்கவில்லை. எழுதவைத்திருந்தால் எனக்கு இன்று தேவாரம் பிடித்திருக்குமா என்பது சந்தேகம். இந்த அளவு உரிமையில்தான் சொல்கிறேன்: அந்த 20 தடவையை நிறுத்துங்கள். இன்றே. தண்டனையாக எழுதிய எதையும் பிள்ளை பிற்பாடு தேடிப்போய் வாசிப்பதில்லை. அதுவும் நீங்கள் அவனுக்குச் சொத்தாகக் கொடுக்க நினைத்த வசனம். அதே அதிகாரத்தில் மூன்று வசனம் தள்ளி, பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று பெற்றவர்களுக்கும் ஒன்று இருக்கிறதே, அதை யார் 20 தடவை எழுதுவது? உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. களைத்துப்போன கை எதையும் பிரம்பாக எடுத்துக்கொள்ளும். என் கையும் எடுத்திருக்கிறது.

கட்டளைகளைப் பிள்ளைகளுக்கு எப்போது சொல்ல வேண்டும் என்று உபாகமத்தில் வரும் அந்த இடத்தைத் திறந்து பாருங்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்போது. அதில் 9 முதல் 1 வரை என்று இல்லை.

கையால் செய்து கற்கும் முறைக்குப் பேர்போன இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரி அம்மையார் 1939-ல் தம்முடைய 69-ஆம் வயதில் அடையாறுக்கு வந்து, யுத்தத்தால் திரும்பப் போக முடியாமல் கொடைக்கானலில் பிள்ளைகளோடு மலையும் ஓடையுமாகத் திரிந்து பாடம் நடத்தியவர். அவர் பக்தியுள்ள கத்தோலிக்கர். அதற்கு வெகுகாலம் முன்பே பார்சிலோனாவில் அவர் முறையில் நடந்த பள்ளியில், பிள்ளைகளின் உயரத்துக்கு நாற்காலி போட்டு ஒரு சின்ன ஆலயம் அமைத்தார்கள். நற்கருணைக்கு வேண்டிய கோதுமையையும் திராட்சையையும் பிள்ளைகளே பயிரிட்டார்கள். அப்பம் எங்கிருந்து வருகிறது என்று அந்தப் பிள்ளைகளின் நகக்கண்ணில் இருந்த மண்ணுக்குத் தெரியும். உங்களுக்குக் கோதுமை வேண்டாம். பனை இருக்கிறது. குருத்தோலை ஞாயிறு வருகிறது. ஓலையைக் கிழித்து சிலுவை மடிக்க அத்தைக்குத் தெரியாமல் இருக்காது. பையனை அவர்கள் காலடியில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் போய்ப் படுத்துத் தூங்குங்கள். அத்தை வாத்தியார் ஆகிவிட்டால் பொண்ணு யார் கொடுப்பான் என்ற பேச்சு பாதி குறையும், பாருங்கள்.

இது லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தைய தபசு நாட்கள். மீதியிருக்கும் நாட்களை எண்ணி ஒரு பாட்டிலில் புளியங்கொட்டை போட்டு, நாளுக்கு ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த வருடம் சாம்பல் புதனிலிருந்தே 40 கொட்டையோடு தொடங்கலாம். காலண்டரில் எண்ணினால் 46 நாள் வரும். ஆறு நாள் எங்கே போயிற்று என்று பையன் வந்து நிற்பான். ஞாயிற்றுக்கிழமைகள் கணக்கில் சேராது என்பதை நீங்கள் உடனே சொல்லிவிடாதீர்கள். ஆயரிடம் போய் அவனே கேட்டுவிட்டு வரட்டும்.

தாத்தா கேள்வியைக் கடைசிக்கு வைத்தது, அது சின்னது என்பதால் இல்லை. பக்கத்தைப் புரட்டிவிட்டீர்கள். ஆனால் அதுதான் இந்த வருடம் அவன் கேட்ட ஒரே உண்மையான பாடக் கேள்வி. 'தேவ சித்தம்' என்று உடனே சொல்லி மூடாதீர்கள். அது உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம், ஆறரை வயதுக்கு அது தாத்தாவைத் தூக்கிக்கொண்டு போன ஆளின் பேராகக் கேட்கும். நம் ஜெபம் போதவில்லை என்று மட்டும் எந்தச் சொல்லிலும் வந்துவிடக்கூடாது. தான் அன்றைக்குக் கண்ணைத் திறந்துகொண்டு ஜெபித்ததால்தான் தாத்தா செத்தார் என்று நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். நீங்களே பேச்சைத் தொடங்குங்கள்: 'அன்னைக்கு நீ கேட்டியே மக்கா, அம்மாவுக்கு அப்ப பதில் தெரியல. இப்பவும் முழுசா தெரியல. நானும் அழுதேன்.' இவ்வளவு போதும். உங்கள் விசுவாசம் இதனால் குறைந்துபோய்விடாது. அம்மாவிடம் எதையும் கேட்கலாம் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும்.

பிறகு ஒரு சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கல்லறைத் திருநாளான நவம்பர் 2 வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு வாளி தண்ணீர், தேங்காய்நார், ஒரு பூச்செடி. சருகைப் பொறுக்கட்டும், கல்லைத் தேய்த்துக் கழுவட்டும், பெயரை விரலால் தடவி எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும். தேதிகளைப் பார்த்துத் தாத்தாவுக்கு எத்தனை வயது என்று அவனாகவே கழித்துப் பார்க்கக்கூடும்; பார்க்காவிட்டால் நீங்கள் சொல்லித்தரப் போகாதீர்கள். அங்கே மட்டும் பாடம் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முழுக் கடிதத்திலும் பையனுக்கு ஒரு சிநேகிதன் பெயர்கூட வரவில்லை. ஞாயிறு பள்ளி வாரத்துக்கு ஒரு மணி நேரம், அது போதாது. வெளியே விட்டால் கெட்ட வார்த்தை ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் உங்கள் எழுத்தில் இல்லாவிட்டாலும் வீட்டுக்கல்வியைத் தேடிவரும் பலரிடம் அதைப் பார்க்கிறேன். ஒட்டும், கழுவினால் போகும். தெருவில் கோலி ஆடட்டும். அம்மன் கோயில் கொடைக்குப் போகும் பையனோடும், தொழுகைக்குப் போகும் பையனோடும் சேர்ந்து ஆடட்டும். சபையார் சேர்ந்து சமைத்து உண்ணும் அசனப் பண்டிகையில் கத்தரிக்காய் மலைபோலக் குவிந்திருக்கும்போது காம்பு நறுக்கும் பெரியவர்கள் நடுவில் உட்காரட்டும்.

நீங்களும்தான். காலையில் கணவர் போனதிலிருந்து இரவு வரை உங்களோடு பேசுவது ஆறரை, நாலு, அத்தை. வாரத்தில் ஒரு அரைநாள் பிள்ளைகளை அத்தையிடமோ கணவரிடமோ விட்டுவிட்டு வெளியே போய்வாருங்கள். போவது எங்கே என்பது முக்கியமில்லை.

வீட்டுக்கல்வி சரியா என்ற உங்கள் கேள்விக்கு இப்போது நான் பதில் சொல்லப்போவதில்லை. அடுத்த வகுப்பு ஜூனில்தான் தொடங்கும். அதுவரை முடிவெடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மேசை இல்லாத, நோட்டில் 20 தடவை இல்லாத இரண்டு மாதத்தை அவனுக்குக் கொடுங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் உங்கள் ஊர் அரசுத் தொடக்கப்பள்ளிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை சும்மா போய்வாருங்கள், சேர்க்க இல்லை, பார்க்க. தமிழ்வழியில் தரையில் உட்கார்ந்து ஆடிப்பாடிக் கற்கும் வகுப்பு அவனுக்குப் பிடித்தாலும் பிடிக்கலாம். தனியார் ஆங்கிலவழிப் பள்ளி ஒன்றில் அழுதான் என்பதற்காக எல்லாப் பள்ளிக்கும் அவன் ஆகாதவன் என்று ஆகிவிடாது. வாசலில் கையை இறுக்கிப் பிடிக்கிறானா, விட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்க்கிறானா என்று கவனியுங்கள்.

அதன் பிறகு எனக்கு எழுதுங்கள். பொம்மைகளுக்கு அவன் எடுத்த வகுப்பில் என்ன பார்த்தீர்கள் என்பதையும், கண் டாக்டர் சொன்னதையும் மறக்காமல் எழுதுங்கள். அப்பா பிடியில் எத்தனை பிடிக்கு உழக்கு நிறைந்தது என்பதையும்.